10,000 பின்தொடர்பவர்கள் தேவையா? வீட்டிலிருந்து ஆரி பிளவுஸ் தைக்கும் சகோதரிக்கு ஒரு விரிவான பதில்

சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருந்தபடியே, கொக்கி ஊசியால் துணியில் நூலும் மணியும் கோக்கும் ஆரி வேலைப்பாட்டுடன் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது இது. இரண்டு ஆண்டுகளாக இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் படம் போட்டும் பின்தொடர்பவர்கள் 870 பேரைத் தாண்டவில்லை. 10,000 பேரை எட்ட என்ன செய்ய வேண்டும்? 180 வெள்ளிக்கு அத்தனை பேரையும் சேர்த்துத் தருவதாக ஒருவர் செய்தி அனுப்பியிருக்கிறார், அதை ஏற்கலாமா? தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? இவற்றோடு, மாதத்துக்கு 12 பிளவுஸ் வரை தம்மால் தைக்க முடியும் என்றும், பல மாதங்களில் ஆறேழுதான் வருகின்றன என்றும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். கேள்வியின் உயிர் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சகோதரி, நீங்கள் கேட்பது 10,000 பேரை. உங்களுக்கு வேண்டியிருப்பது மாதத்துக்கு இன்னும் ஐந்தாறு பேர். இவ்விரண்டுக்கும் போகும் வழிகள் வேறு வேறு என்பதால், நான் இரண்டாவதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் விளம்பரத் துறையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பிறகு சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள புடவைக் கடைகள், பூக்கடை, விருந்துக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள், துணைப்பாட நிலையங்கள் எனப் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் சிறிய தொழில்களுக்குச் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக் கொடுத்து வருகிறேன். என் அனுபவம் பெரும்பாலும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகிய மூன்றில்தான். டிக்டாக்கில் நேரலையாக விற்பது தனிக் கலை; அதில் எனக்குப் போதிய பழக்கம் இல்லாததால் இங்கே அதைத் தொடவில்லை. கீழே எழுதுவதில் எது உறுதி, எது என் அனுபவத்தில் கண்டது, எது வெறும் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

180 வெள்ளிச் சலுகையை முதலில் முடித்துவிடுவோம்: வாங்காதீர்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அப்படிச் சேர்க்கப்படும் கணக்குகள் ஆளில்லாதவை, அல்லது காசு வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்துபவர்களுடையவை; அவற்றுள் ஒன்றுகூட அளவு கொடுக்கச் செங்காங்கிற்கு வரப்போவதில்லை. வெளிச்செயலிகள் மூலம் செயற்கையாகச் சேர்க்கப்படும் விருப்பங்களையும் பின்தொடர்தல்களையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே பணம் கொடுத்து வாங்கியது நிலைக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம் 2016இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டியும் விருப்பங்களையும் ஆதரவையும் விலைக்கு வாங்கிக் காட்டும் வழக்கத்தைத் தவறு என்றே சொல்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உணவகத்தார் என்னிடம் வந்தபோது அவர்களுடைய பக்கத்தில் 14,000 பேர் இருந்தார்கள். புதிதாகப் போட்ட பதிவுக்கு விழுந்திருந்த விருப்பங்களோ 11. முன்பு அந்தப் பக்கத்தைக் கவனித்தவர் முதலாளிக்குத் தெரியாமலேயே வாங்கிச் சேர்த்த கூட்டம் அது. உண்மையான வாடிக்கையாளர் யார், போலி யார் என்று பிரித்தெடுக்கவே முடியாமல், கடைசியில் அந்தப் பக்கத்தைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். அந்த முதலாளியின் முகம் வாடிப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்து ஆண்டுகளின் படங்கள் அந்தப் பக்கத்தோடு போயின.

அடுத்து, எண்ணிக்கை. உங்கள் கைகள் ஒரு மாதத்தில் 12 பிளவுஸ் தைக்கும் என்றால் ஆண்டுக்கு 144. ஒரு குடும்பத்தில் ஒரு திருமணம் வந்தால் மணப்பெண், தாய், அத்தை, சித்தி, அக்கா எனக் குறைந்தது மூன்று நான்கு பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்களே திரும்பி வருவார்கள். இப்படிக் கணக்கிட்டால் உங்கள் ஆண்டு முழுவதையும் நிரப்ப ஐம்பது அறுபது குடும்பங்கள் போதும். இப்போது இருக்கும் 870 பேரில் உண்மையாகவே சிங்கப்பூரில் வசிக்கும், புடவை கட்டும் பெண்கள் 300 பேர் இருந்தாலே உங்களிடம் ஏற்கெனவே போதுமான கூட்டம் இருக்கிறது. நாளைக்கே 10,000 பேர் வந்து அவர்களில் நூற்றில் ஒருவர் பிளவுஸ் கேட்டால் 100 பேர். அத்தனை பேருக்கும் 'இப்போது முடியாது' என்று பதில் எழுதியே உங்கள் மாதம் போய்விடும்.

சென்னையிலும் கோவையிலும் உள்ள ஆரிப் பக்கங்களுக்கு இலட்சக்கணக்கானோர் இருப்பதைப் பார்த்து மனம் தளர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த ஒப்பீடே பொருந்தாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 இலட்சம் பேர்; வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். அதாவது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், அதில் ஆண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அடக்கம். வேலை அனுமதியில் இங்கே இருப்போர் இந்தக் கணக்கில் சேரவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசினாலும் திருமணத்துக்குப் பட்டுப்புடவையே கட்டும் தமிழ்க் குடும்பங்களும், தெலுங்கு, மலையாளக் குடும்பங்களும் உங்கள் வாடிக்கையாளர்களே. அவர்களையெல்லாம் சேர்த்தாலும் நீங்கள் கூவி விற்கும் சந்தை சிறியது. தமிழகத்துப் பக்கங்களைப் பின்தொடர்பவர்கள் பெரும்பாலும் வேலைப்பாட்டைக் கற்றுக்கொள்ளவோ பார்த்து மகிழவோ வருபவர்கள். அவர்களை இழுக்கும் பதிவுகளை நீங்களும் போட்டால் எண்ணிக்கை ஏறும். ஆனால் மதுரையில் இருந்து விருப்பம் இடுபவர் உங்களிடம் அளவு கொடுக்க முடியாது.

இனி முக்கியமானதற்கு வருகிறேன்: என்ன பதிவிடுவது. உங்கள் பக்கத்தில் நீங்கள் விவரித்தபடி இருப்பவை தைத்து முடித்த பிளவுஸின் படங்கள், விலை, 'ஆர்டர்கள் ஏற்கப்படும்' என்ற வரி. படங்கள் அழகாகவே இருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் சிங்கப்பூரில் ஒரு பெண் பிளவுஸ் தைக்கக் கொடுக்கத் தயங்குவது வேலைப்பாடு அழகாக இராது என்பதற்காகவா? நான் புடவைக் கடைகளில் நின்று பல ஆண்டுகள் கேட்ட பேச்சுகளில் இருந்து சொல்கிறேன், அவர்களுடைய அச்சம் மூன்று. கை இறுக்கமாகிவிடுமோ, தோள் நழுவுமோ, கழுத்து வடிவம் கேட்டபடி வருமோ என்பது ஒன்று. சொன்ன தேதிக்குக் கிடைக்குமோ என்பது இரண்டு. 3,000 ரூபாய்க்குச் சென்னையில் தைத்துவிடலாமே, இங்கே ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது மூன்று. உங்கள் பதிவுகள் இந்த மூன்று அச்சங்களுக்கும் பதில் சொல்லத் தொடங்கும் நாளில் உங்கள் வாட்ஸ்அப் மாறும்.

மூன்றாவதையே எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் போட்டி செங்காங்கிலோ தேக்காவிலோ இருக்கும் இன்னொரு தையற்காரர் என்பதைவிட, ஜூன் விடுமுறையில் போகும் சென்னைப் பயணம் என்பதே பொருந்தும். தி.நகரில் புடவை எடுத்து, அங்கேயே அளவு பிளவுஸைக் கொடுத்து, ஆரி வேலைக்கு விட்டுவிட்டு வருகிறார்கள். அது உறவினர் பெட்டியில் வந்து சேரும்போது திருமணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கும். கை ஏறாவிட்டால் யாரிடம் போவது? ஆரி வேலை செய்த துணியை விரித்துத் தைப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும். மணியும் குந்தனும் தையல் ஓரம் வரை வந்திருந்தால் கால் அங்குலம்கூடப் பிரித்துவிட முடியாது. அதை ஒரு நிமிடக் காணொளியாக எடுங்கள். 'நான் லைனிங்கில் எவ்வளவு துணி விட்டுவைக்கிறேன், ஏன் அப்படிச் செய்கிறேன்' என்று உங்கள் கையையும் துணியையும் மட்டும் காட்டிப் பேசுங்கள். சட்டகத்தில் துணியை இழுத்துக் கட்டும் முன்பே வெறும் காட்டன் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். விலை ஏன் கூடுதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. சென்னைத் தையலைக் குறைத்து ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதும் இல்லை.

தேதி பற்றிய அச்சத்துக்கு மருந்து வெளிப்படைத்தன்மை. மாதத் தொடக்கத்தில் 'இம்மாதம் 12 இடங்கள், 5 நிரம்பிவிட்டன' என்று ஒரு பதிவு இடுங்கள். எண் உண்மையாக இருக்க வேண்டும். காலியாக இருக்கும்போது நிரம்பிவிட்டதாகக் காட்டுவது ஒருமுறை பலிக்கும், பிறகு உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். கனமான மணப்பெண் பிளவுஸுக்கு எத்தனை நாள், கழுத்து ஓரத்துக்கும் கைக்கும் மட்டும் வேலை என்றால் எத்தனை நாள், தீபாவளிக்குக் கடைசித் தேதி எது என்பவை பக்கத்தின் மேலே நிலையாக இருக்கட்டும். விலையையும் மறைக்காதீர்கள். 'விலைக்கு உள்பெட்டியில் கேட்கவும்' என்ற வரி நம் மக்களிடையே மிகப் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அதைக் கண்டதும் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். 'இவ்வளவில் தொடங்கி இவ்வளவு வரை' என்று மூன்று வேலைப்பாடுகளின் படத்தோடு போட்டால், வந்து கேட்பவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருவார்கள்.

இன்ஸ்டாகிராம் யாருக்கு எதைக் காட்டுகிறது என்பது பற்றி ஆளாளுக்கு ஒரு மந்திரம் சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். நேர வரிசைப்படி காட்டும் முறையை 2016இல் அவர்கள் மாற்றினார்கள்; அன்று முதல் ஒவ்வொருவருக்கும் அவரவர் பழக்கத்தை வைத்தே பதிவுகள் அடுக்கப்படுகின்றன. எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விருப்பம் இடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள் ஆகிய மூன்றும் மிக முக்கியமானவை என்று 2025 ஜனவரியில் அதன் தலைவர் ஆடம் மொசேரி சொன்னார். புதியவர்களைச் சென்றடைவதற்கு அந்த 'அனுப்புவது' கூடுதலாக உதவும் என்பதும் அவர் சொன்னதே. உங்கள் தொழிலுக்கு இது நல்ல செய்தி. பிளவுஸ் வடிவம் என்பது ஒரு பெண் தனியாக முடிவெடுக்கும் பொருள் அன்று. அக்காவுக்கும் தோழிக்கும் அனுப்பி 'இது எனக்குப் பொருந்துமா?' என்று கேட்டுத்தான் முடிவெடுப்பாள். ஆகவே ஒரே பிளவுஸை ஒரே கோணத்தில் காட்டுவதைவிட, ஒரு மயில் கழுத்து நிறப் பட்டுக்கு மூன்று பின்கழுத்து வடிவங்களை வரைந்து 'உங்கள் தங்கைக்கு எது பொருந்தும்?' என்று கேட்கும் பதிவு கைமாறிப் போகும்.

எத்தனை மணிக்குப் போடுவது, எத்தனை ஹேஷ்டேக் இடுவது, நாளுக்கு எத்தனை பதிவு என்பவையெல்லாம் ஊகத்தின் பாற்பட்டவை. நான் கவனித்த பக்கங்களில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கிய பின், பெண்கள் அதிகம் பார்க்கிறார்கள். ஆனால் உங்கள் கணக்கைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது வருகிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராமே காட்டும், என் பேச்சை நம்ப வேண்டியதில்லை. நாள்தோறும் போடுவதை நிறுத்துங்கள் என்று மட்டும் துணிந்து சொல்வேன். ஆரி ஊசி பிடிக்கும் கைக்கும் கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். வாரத்துக்கு இரண்டு நல்ல காணொளிகள், இடையிடையே அன்றைய வேலையை ஸ்டோரியில் காட்டுவது, இது போதும்.

மொழி பற்றிய உங்கள் கேள்விக்கு என் தீர்ப்பு: தமிழில் பேசுங்கள், இரு மொழிகளிலும் எழுதுங்கள். இங்கே வளர்ந்த முப்பது வயதுப் பெண்களில் பலர் தமிழை நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள், ஆனால் நீண்ட தமிழ்ப் பத்தியை வாசிக்கச் சோர்வடைவார்கள். பிளவுஸுக்குப் பணம் கொடுக்கும் அம்மாவுக்கோ உங்கள் தமிழ்க் குரல்தான் நம்பிக்கை தரும். அதனால் குரல் தமிழாகவும், கீழே இரண்டு வரி ஆங்கிலமும் இரண்டு வரி தமிழுமாகவும் இருக்கட்டும். கணக்கின் பெயர்ப் பகுதியில் உங்கள் பெயரோடு 'ஆரி பிளவுஸ் சிங்கப்பூர்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமின் தேடல் அந்தப் பகுதியைப் பார்க்கிறது. 2025 ஜூலையிலிருந்து தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகல் தேடலிலும் வரத் தொடங்கியிருப்பதால், 'அழகு', 'புதியது' போன்ற சொற்களைவிட 'பாட் நெக்' (பானை வடிவக் கழுத்து), 'செங்காங்', 'மணப்பெண் பிளவுஸ்' போன்ற சொற்களை எழுதுவது பயன் தரும்.

நம் நாட்காட்டியையும் கவனியுங்கள். ஆடியில் திருமணம் இல்லை என்பதால் பலரும் அம்மாதம் பதிவிடுவதைக் குறைத்துவிடுகிறார்கள். ஆனால் ஆவணித் திருமணத்துக்குரியவள் வடிவம் தேடுவது ஆடியில்தான்; ஜூன் விடுமுறையில் எடுத்து வந்த புடவை அலமாரியில் தைக்கப்படாமல் இருப்பதும் அப்போதுதான். அதேபோல மார்கழிதான் தைத் திருமணங்களுக்கான தேடல் மாதம். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் ஒளியூட்டுத் தொடங்கும் வேளையில் உங்கள் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்க வேண்டும். ஆகவே தீபாவளிப் பதிவுகளை அந்த ஒளியூட்டுக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்குங்கள். ஜூலை 21 இன நல்லிணக்க நாளுக்குப் பள்ளிகளில் பாரம்பரிய உடை கேட்பார்கள்; மிச்சப் பட்டில் சிறுமியருக்குப் பாவாடை சட்டை தைக்க உங்களுக்கு விருப்பமிருந்தால் ஜூன் இறுதி அதற்கு ஏற்ற காலம். ஆரிக்கும் அதற்கும் தொடர்பில்லைதான், ஆனால் பிள்ளைக்காக வரும் அம்மா உங்கள் வீட்டில் சட்டகத்தைப் பார்ப்பாள்.

காணொளிகளுக்குத் திரைப்படப் பாடல் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். தனிநபர் கணக்குக்குக் கிடைக்கும் பாடல்கள் பல வணிகக் கணக்குக்குக் கிடைப்பதில்லை. வணிக நோக்கத்துக்கு அந்த உரிமம் செல்லாது என்பதே காரணம். எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த பாடல் என்றால் ஒலி நீக்கப்படவும் பதிவே நீக்கப்படவும் கூடும். இழுத்துக் கட்டிய துணியில் ஊசி குத்தி எழும் அந்த மெல்லிய 'டக் டக்' ஓசையை அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நான் ஒரு பூக்கடைக்குச் சரம் தொடுக்கும் கைகளை எந்தப் பாட்டும் இல்லாமல் படமெடுத்துப் போட்டபோது, அந்தக் கடையின் மற்ற பதிவுகளைவிட அதைத்தான் மக்கள் கடைசி வரை பார்த்தார்கள்.

படம் எடுப்பதில் ஒன்றுதான் சொல்ல வேண்டும்: வீட்டின் டியூப் விளக்கொளியில் எடுக்காதீர்கள். அரக்கு நிறம் பழுப்பாகவும் மாம்பழ மஞ்சள் பச்சை கலந்ததாகவும் தெரியும். நேரில் வந்தவர் 'படத்தில் வேறு நிறமாக இருந்ததே' என்பார். காலை ஒன்பது, பத்து மணிக்குச் சன்னலோரம், நேரடி வெயில் படாத இடத்தில், திறன்பேசியே போதும்.

வாடிக்கையாளரின் படத்தைப் போடுமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, திருமணத்துக்கு முன்பே பெண்ணின் பிளவுஸ் ஊருக்குத் தெரிவதைக் கண் திருஷ்டி என்று தாய்மார் விரும்புவதில்லை. முகம் தெரியாமல் முதுகுப்புறம் மட்டும், அதுவும் திருமணம் முடிந்த பிறகு என்று நீங்களே முன்வந்து சொன்னால் மறுப்பவர் குறைவு. ஒப்புதலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் செய்த வேலைப்பாட்டின் படத்தை 'இதுபோல் செய்து தரப்படும்' என்று போடும் வழக்கம் ஆரிப் பக்கங்களில் மிகுதி. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. செய்தவரின் உழைப்பைத் திருடுவது அது. தவிர, அதைப் பார்த்துக் கேட்டவருக்கு அப்படியே கொடுக்க முடியாதபோது நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

உண்மையில் உங்கள் விற்பனை முடிவது இன்ஸ்டாகிராமில் அன்று, வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் வடிவங்களையும் விலையையும் பட்டியலாக வைக்கலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே பிளவுஸைக் கொடுக்கும்போதே, 'என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், தீபாவளிக்கு இடம் திறக்கும்போது உங்களுக்கு முதலில் சொல்கிறேன், அனுப்பலாமா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மரியாதைக்காக மட்டும் இல்லை. விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் தம் எண்ணைப் பதிந்து வைக்கும், 2014 ஜனவரி முதல் நடப்பில் உள்ள 'அழைக்க வேண்டாம்' பதிவேட்டின் விதிகள் சிங்கப்பூர் எண்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்கும் பொருந்தும். தெளிவான ஒப்புதலும், வேண்டாம் என்றால் உடனே நிறுத்துவதும் அவசியம். யார் வேண்டுமானாலும் பின்தொடரக்கூடிய வாட்ஸ்அப் சேனல் என்ற ஒருவழி வசதியும் இருக்கிறது. 2023 ஜூனில் அது முதன்முதலில் அறிமுகமான இரண்டு நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. ஆனால் உங்கள் அளவுக்கு, பெயர் தெரிந்த 60 பேர் கொண்ட ஒலிபரப்புப் பட்டியலே எனக்கு மேலானதாகப் படுகிறது.

ஃபேஸ்புக்கை இளையவர்கள் விட்டுவிட்டார்கள் என்று நீங்களும் அதை விட்டுவிட வேண்டாம். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அந்நிறுவனம் அறிவித்ததிலிருந்து வணிகப் பக்கங்களின் பதிவுகள் முன்போல் பலரைச் சென்றடைவதில்லை என்பது உண்மை. ஆனால் ஐம்பதைக் கடந்த தாய்மார்களும் அத்தைமார்களும் அங்கேதான் இருக்கிறார்கள். வட்டாரக் குழுக்களில் யாராவது 'பிளவுஸ் தைப்பவர் தெரியுமா?' என்று கேட்கும்போது, உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் உங்கள் பெயரைச் சொன்னால் அது ஆயிரம் பின்தொடர்பவர்களுக்குச் சமம். 'மூன்று பேரை டேக் செய்தால் பரிசு' என்ற போட்டிகளில் இறங்காதீர்கள். நண்பர்களை டேக் செய்வதையும் தம் பக்கத்தில் பகிர்வதையும் போட்டிக்கு நிபந்தனையாக்குவதை ஃபேஸ்புக் விதிகள் தடுக்கின்றன, வருபவர்களும் பரிசுக்காக வருபவர்களே.

கூகலில் வணிகப் பக்கம் ஒன்றை இலவசமாகத் தொடங்குங்கள். வீட்டு முகவரியை மறைத்து, செங்காங், பொங்கோல், ஹவ்காங் எனச் சேவை வட்டாரங்களை மட்டும் காட்ட முடியும். திருப்தியோடு போகும் வாடிக்கையாளரிடம் ஒரு விமர்சனம் எழுதக் கேளுங்கள்; அதற்காகத் தள்ளுபடியோ அன்பளிப்போ கொடுக்காதீர்கள், கூகல் அதைத் தடை செய்துள்ளது. வீட்டுத் தொழிலுக்கு வாசலிலோ புளோக்கின் கீழேயோ விளம்பரப் பலகை வைக்க வீவக இடம் தருவதில்லை. ஆகவே இந்தப் பக்கம்தான் உங்கள் பெயர்ப்பலகை. அதே வீவக விதிகளின்படி அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு அமர்த்தவும் முடியாது என்பதால், கூட்டம் பெருகினால் ஆள் சேர்த்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கும் வீட்டிலிருந்து செய்யும்வரை செல்லாது. நீங்கள் 10,000 பேரைத் தேடிப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த 180 வெள்ளியை என்ன செய்யலாம்? செலவழித்தே ஆக வேண்டும் என்றால், மக்களிடம் ஏற்கெனவே நன்றாகப் போன ஒரு காணொளியைத் தேர்ந்தெடுத்து, ஆவணிக்கோ தீபாவளிக்கோ முன்பு, நாளுக்கு 8 வெள்ளி வீதம் 20 நாள் விளம்பரமாக ஓட்டிப் பாருங்கள். மேலே 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேரும். சிங்கப்பூரில் உள்ள பெண்களுக்கு மட்டும் எனக் குறுக்கி, விருப்பங்களையோ பின்தொடர்பவர்களையோ இலக்காக வைக்காமல், வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதை இலக்காக வையுங்கள். இதன் பலன் எப்படி இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் செய்து பார்த்தவற்றில் சில நன்றாக அமைந்தன, சில ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கொண்டுவரவில்லை. ஓடாத பதிவைப் பணம் போட்டு ஓட வைக்க முடியாது என்பதை மட்டும் பலமுறை கண்டிருக்கிறேன்.

கணக்கின் பாதுகாப்புக்கு இருபடிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். 'உங்கள் கணக்கு முடக்கப்படவுள்ளது, இந்த இணைப்பை அழுத்தவும்' என்று வரும் செய்திகளை நம்பிப் பக்கத்தைப் பறிகொடுத்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். வாடிக்கையாளரின் பெயர், எண், அளவு, புடவையின் நிறம், விசேஷ நாள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பக்கம் போனாலும் தொழில் போகாது. அதே நோட்டில் 'எப்படித் தெரியவந்தது?' என்று ஒரு கட்டம் சேருங்கள். அளவு எடுக்கும்போது இயல்பாகக் கேட்டுவிடலாம். மூன்று மாதம் கழித்து அந்தக் கட்டத்தில் இன்ஸ்டாகிராம் எத்தனை, தோழி சொல்லி வந்தவர் எத்தனை, கூகலில் தேடி வந்தவர் எத்தனை என்று எண்ணி இங்கே எழுதுங்கள். அவற்றைப் பார்த்தால், வாரத்தில் நீங்கள் ஒதுக்கும் சில மணி நேரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை இப்போது சொல்வதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.